எடைமேடையும் கிரியாட்டினினும்

நான் ஆஸ்பத்திரிக்குள் நடந்துதான் போனேன். யார் வந்து நலம் விசாரித்தாலும் என் அண்ணன் சவரிமுத்து முதலில் சொல்வது இதைத்தான். "நடந்து போச்சுங்க. செருப்பக் கூட அதுவே கழட்டி ஓரமா வெச்சுது. அதப் புடிச்சு ஐ.சி.யூ.ல போட்டுட்டாங்க." கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அவர் சொல்வதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் நடந்து போனவள் மறுநாளே படுத்த படுக்கையாகப் போய்ச் சேர்ந்திருப்பேன் என்பதை மட்டும் விட்டுவிடுவார். அதற்கு அடுத்து நடந்ததையும் சேர்த்தே விட்டுவிடுவார். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எனக்கு வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். தபால் அலுவலகத்தில் கவுண்டரில் உட்காருகிறேன். தினமும் பஸ்ஸில் போய் வருவதால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் அவசரம் வந்துவிடுமோ என்ற பயத்தில் தண்ணீரே குடிக்க மாட்டேன். குடித்த கொஞ்சமும் வீட்டுக்கு வரும்வரை உள்ளேயே இருக்கும். பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்கள் எவ்வளவு விளக்கினாலும் "பஸ்ஸ நிறுத்தச் சொல்ல வேண்டியதுதான" என்பார்கள்.

போன வைகாசியில் இரண்டு நாளாகக் காய்ச்சல் வந்து வந்து போனது. மாத்திரை போட்டால் இறங்கியது, நானும் வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் திரும்பி வரும்போது, ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்க, எனக்கு மட்டும் பல் தந்தியடித்தது. பக்கத்து சீட்டு அம்மாவிடம் சால்வை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் எழுந்துபோய் வேறு சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

என் கணவர் ஜோசப் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பேச்சு குறைவு. அன்றைக்கு நான் வாசற்படி ஏறியதும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மூச்சு இன்னா இப்டி வாங்குது?" என்று கேட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். தோசைக்கு மாவு கரைத்துவிட்டு வருகிறேன் என்றேன். "வந்து கரைச்சிக்கலாம்" என்றார். கல்யாணமானதிலிருந்து என்னிடம் அவர் போட்ட முதல் உத்தரவு அதுதான் என்பதால் வாயை மூடிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எமர்ஜென்சி என்று எழுதிய கதவுக்குள் நடந்து போய், எங்கே உட்கார வேண்டும் என்று நானே கேட்டேன். டியூட்டியில் இருந்த டாக்டர் நிவேதா ஒல்லியான சின்னப் பெண். பிரஷர் பார்த்தார், விரலில் கிளிப் மாட்டினார், மூச்சை எண்ணினார். பிறகு நர்ஸ் வந்து, கலர் கலராக மூடி போட்ட குப்பிகளில் ரத்தம் எடுத்தார். அது போதாதென்று மணிக்கட்டில் நாடி பிடிக்கும் இடத்தில் ஒரு ஊசி. அந்த ஊசியைப் பற்றி நல்ல வார்த்தை என்னிடம் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஒரு சின்னத் தாளோடு வந்தார்.

"அம்மா, ஐ.சி.யூ.ல சேக்கணும்."

"யாரை?" என்றேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

"உங்களைத்தான். மூத்திரத்துல வந்த கிருமி கிட்னிக்கு ஏறி ரத்தத்துல கலந்துருக்கு. நீங்க நல்லாப் பேசறீங்க, ஆனா ரத்தம் வேற சொல்லுது."

ரத்தம் சொன்னதை அவர் பொறுமையாக விளக்கினார். கிருமியை அடிக்கக் கிளம்பும் உடம்பு சில சமயம் கண்மண் தெரியாமல் தன் உறுப்புகளையே அடித்துவிடுமாம். அதற்கு செப்சிஸ் என்று பெயர். அப்போது உடம்பின் மூலை முடுக்குகளுக்குப் போதுமான ரத்த ஓட்டமும் பிராணவாயுவும் கிடைக்காது. திசுக்கள் எப்படியோ சமாளித்து வேலை செய்யும். அப்படிச் சமாளிக்கும்போது லாக்டேட் என்ற அமிலம் மிஞ்சும். ஆள் நன்றாக நடந்து வந்தாலும், லாக்டேட் ஏறியிருந்தால் உள்ளே தட்டுப்பாடு என்று அர்த்தம். எனக்கு இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அடுத்து கிரியாட்டினின். அது தசையில் உண்டாகும் கழிவு. கிட்னி அதை வெளியே தள்ள வேண்டும். தள்ளாமல் ரத்தத்திலேயே நின்றால் கிட்னி படுத்துக்கொண்டது என்று பொருள். ஈரலுக்கு பிலிரூபின், ரத்தம் உறைவதற்குத் தட்டணுக்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சி வைத்திருக்கிறார்கள். எல்லா உறுப்புக்கும் மார்க் போட்டுக் கூட்டுவார்களாம். இந்தப் பரீட்சையில் பூஜ்யம் வாங்குபவர்தான் முதல் ரேங்க்.

நான் நம்பவில்லை. என் கணவர் உடனே நம்பிவிட்டார். "மோட்டார் சத்தம் நல்லாத்தான் வரும், உள்ள காயில் கருகிக்கினு இருக்கும். மீட்டர் வெச்சாத்தான் தெரியும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனார்.

மூளைக்கும் மார்க் உண்டு. அதை ரத்தத்தில் பார்க்க முடியாது, வாயால்தான் கேட்க வேண்டும். நர்ஸ் குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோல, "அம்மா, இது எந்த ஊரு? இன்னிக்கு இன்னா தேதி?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்கத் தேதி முத்திரை குத்துகிறவளிடம் கேட்கிற கேள்வியா? தேதி, கிழமை, ஊர், பின்கோடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் திரும்பி, "டாக்டர், மூளைக்கு ஜீரோ" என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற என் கணவரின் முகத்தில் துளி அதிர்ச்சி இல்லை. இதை மனதில் குறித்துவைத்துக்கொண்டு, உடம்பு தேறிய பிறகு தனியாக விசாரித்தேன்.

ஐ.சி.யூ.வில் பகலும் கிடையாது, இரவும் கிடையாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஏதாவது ஒன்று கூவிக்கொண்டே இருக்கும். கையில் குழாய், கழுத்தில் குழாய், கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை. வாழ்நாளெல்லாம் அடக்கி வைத்தவளுக்கு அடக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு ஏற்பாடு. ஆனால் பையில் எதுவும் சேரவில்லை. நர்ஸ் வந்து குனிந்து பார்ப்பார், அட்டையில் ஏதோ குறித்துவிட்டுப் போவார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. சாவுக்கு இல்லை, டயாலிசிஸ் என்ற சொல்லுக்கு. வாரத்துக்கு இரண்டு முறை இயந்திரத்தோடு படுத்துக் கிடக்கும் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். யாரும் பார்க்காதபோது அழுதேன். கை இரண்டிலும் ஊசி இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

மறுநாள் காலை என் அண்ணன் வளவனூரிலிருந்து வந்து இறங்கினார். கையில் ஒரு பை அவித்த வேர்க்கடலை; எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கரும்பு போடுகிறார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். ஆகவே எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. அவர் இந்த உலகத்தில் எதை நம்பினாலும் தராசை நம்ப மாட்டார். ஆலைக்குப் போகும் கரும்பை முதலில் வெளியே ஒரு எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் ஆலைக்குள் விடுவார். புதிய எடைமேடை ஒன்று வந்தால், காலி டிராக்டரை முதலில் ஏற்றுவார். காலி டிராக்டரின் எடை அவருக்கு மனப்பாடம். அதைச் சரியாகக் காட்டினால்தான் கரும்பு ஏறும். இந்த வழக்கம் வளர்ந்து மீன், கேஸ் சிலிண்டர் என்று எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. அவருக்கு மகன் பிறந்தபோது நர்ஸ் மூன்று கிலோ என்று சொல்ல, "இன்னொரு தபா வைங்க" என்று கேட்ட மனிதர்.

உள்ளே வந்து என்னைப் பார்த்தார். "இன்னா மேரி, எப்டிக்கீற?" என்றார். "நல்லாத்தான் இருக்கேண்ணா. வூட்டுக்குப் போலாம்" என்றேன். மருந்து ஏறி, காய்ச்சல் இறங்கி, எனக்குப் பேசத் தெம்பு வந்திருந்தது. அது போதும் அவருக்கு.

அன்றைய ரத்தப் பரிசோதனையில் லாக்டேட் கொஞ்சம் இறங்கியிருந்தது. கிரியாட்டினின் ஏறியிருந்தது. டாக்டர் நிவேதா அதை அண்ணனிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"சேக்கறப்ப எவ்ளோ இருந்துச்சு?"

"ஒண்ணுக்குக் கிட்டத்தான் இருக்கணும். வந்தப்ப ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மிங்க. இப்ப ரெண்டே முக்கால்."

"அப்ப இங்க வந்தப்புறம்தான ஏறிக்கீது? நீங்கதான ஏத்தறீங்க?"

கிட்னிக்கு நேற்று பட்ட அடி ரத்தத்தில் இன்றுதான் தெரியும், இந்தக் கணக்கு எப்போதும் ஒரு நாள் பின்னால் வரும் என்று அந்தப் பெண் எடுத்துச் சொன்னார். மூத்திரம் வர ஆரம்பிக்காவிட்டால் டயாலிசிஸ் யோசிக்க வேண்டியிருக்கும், இந்த நேரத்தில் ஆளை நகர்த்தவே கூடாது என்றும் சொன்னார். அண்ணன் ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார். அவர் தலையாட்டினால் சம்மதம் என்று நினைப்பவர்களுக்கு அவரைத் தெரியாது.

நேராகக் கீழே இருந்த லேபுக்குப் போனார். சட்டைக் கையை மடித்து, தன் ரத்தத்தை எடுத்து கிரியாட்டினின் பார்க்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். "சும்மாதான்" என்றாராம். அவர் கணக்கில் அவர்தான் காலி டிராக்டர். ஒரு நாள் தலைவலி என்று படுத்ததில்லை, இன்றைக்கும் கரும்புக் கட்டைத் தலையில் தூக்குகிறவர். அவருக்கு இந்த லேப் என்ன எண் காட்டுகிறது என்று பார்த்தால் தராசின் வண்டவாளம் தெரிந்துவிடும்.

மதியம் பார்வையாளர் நேரத்தில் தாளை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

"பாத்தியா? எனக்கு ரெண்டு புள்ளி ஒண்ணாம். கல்லு மாதிரி இருக்கறவனுக்கே ரெண்டு புள்ளி ஒண்ணு. தராசே திருட்டுத் தராசு. மாப்ள, கையெழுத்துப் போடுங்க, கூட்டிக்கினு போலாம்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இதையும் எழுதத்தான் வேண்டும். ரத்தமும் பொய், டயாலிசிஸும் பொய், வீட்டுக்குப் போய்க் கேப்பைக் கூழ் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஐ.சி.யூ.வில் இருப்பவர் வேண்டாம் என்பாரா? "போலாங்க" என்று நானும் என் கணவரைப் பார்த்துக் கெஞ்சினேன்.

சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறேன் என்று எழுதித் தரும் தாளைக் கேட்டு அண்ணனே வாங்கி வந்துவிட்டார். என் கணவர் அதை வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். அவர் இதுவரை என் அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அன்றைக்கும் எதிர்க்கவில்லை.

"மச்சான், ஒரு எடமேடையில மட்டும் போட்டுட்டு நீங்க சண்ட போட்டு நான் பாத்ததில்லையே."

அண்ணன் நிமிர்ந்தார்.

"வெளிய ஒண்ணு போட்டுச் சீட்டு வாங்கிக்கினு வந்துடுங்க. ரெண்டையும் வெச்சுக் கேட்டா இவங்களால வாயத் தொறக்க முடியாது. அப்பறம் நானே கையெழுத்துப் போடறேன்."

தன் சட்டத்தையே எடுத்துக் காட்டினால் மனிதர் என்ன செய்வார். கொஞ்ச நேரம் யோசித்தார். "இந்த ஊர்ல வேணாம். எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுக்குவானுங்க. நான் திண்டிவனம் போறேன்" என்றார். "நல்லது மச்சான். ஜல்தி இல்ல, பொறுமையாவே வாங்க" என்றார் என் கணவர். போகும்போது அண்ணன் மல்லாட்டைப் பையை நர்ஸிடம் கொடுத்து, குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு என் கணவர் என் கால்மாட்டில் நின்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் சொல்லியும் கம்பியை விடவில்லை. "திண்டிவனம் போய் வர சாயந்தரம் ஆயிடும் மேரி. அதுக்குள்ள மருந்து ஏறிடும்" என்றார். அத்தனை நாளில் அந்த மனிதரை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வீட்டுக்குப் போகும் ஆசை அப்போதுதான் விட்டது.

மருந்தும் உப்பு நீரும் சொட்டுச் சொட்டாக ஏறின. மறுபடியும் நாடியில் ஊசி. லாக்டேட் நன்றாக இறங்கிவிட்டது என்றார்கள். பொழுது சாயும் நேரத்தில் நர்ஸ் குனிந்து பையைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அம்மா, வந்துட்டு இருக்கும்மா" என்றார். பெண்ணுக்கு வரன் வந்த வீட்டில் கூட அவ்வளவு சந்தோஷமாக அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார்கள். டாக்டர் நிவேதா வந்து அந்தப் பையை ஒரு பக்கமாகத் திருப்பி அளவு பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

சாயந்திரப் பார்வையாளர் நேரத்தில் அண்ணன் வந்தார். தாளை ஆட்டவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மல்லாட்டையை விசாரிக்கவில்லை. எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

"இன்னாண்ணா, அங்க எவ்ளோ?"

"ரெண்டு புள்ளி ஒண்ணு."

இரண்டு எடைமேடையிலும் ஒரே எடை வந்தால் அதற்கு மேல் அவருக்குப் போக இடம் கிடையாது. என் மூத்திரப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேரி," என்றார் மெல்ல. "அது ஏறுனா இன்னாம்மா பண்ணும்?"

அப்பா செத்தபோதுகூட என் முன்னால் குரல் தாழாதவர். முந்தின நாள் டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குத் திருப்பிச் சொன்னேன். உறுப்பு கெடும் முன்னே ரத்தம் சொல்லிவிடும், சொன்னால் பிடித்துவிடலாம், இதோ எனக்குப் பிடித்துவிட்டார்கள் என்றேன். கழுத்தில் குழாயோடு படுத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆறுதல் சொன்னது அந்த ஐ.சி.யூ.வில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

என் கணவர் போய் டாக்டர் நிவேதாவைக் கூட்டிவந்தார். காலையில் "நீங்கதான ஏத்தறீங்க" என்று கேட்ட மனிதரிடம் அந்தப் பெண் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் பேசினார். பிரஷர் பார்த்தார். அதுவும் ஏறித்தான் இருந்தது.

"ஏதாவது மாத்திர சாப்பிடறீங்களா?"

"மாத்திரையே தொடறதில்லம்மா."

"ண்ணா, முட்டிக்குப் போடறது?" என்றேன் நான்.

"அது மாத்திர இல்ல. அது முட்டிவலிக்குப் போடறது."

வளவனூர் மருந்துக் கடையில் வாங்கி, வருஷக்கணக்காகத் தினம் ஒன்று. கரும்பு வெட்டும் காலத்தில் இரண்டு. சில வலி மாத்திரைகளை அப்படி நாள்கணக்காக விழுங்கினால் கிட்னி வெளியே எதையும் காட்டிக்கொள்ளாமலே தேய்ந்துகொண்டு வரும் என்று டாக்டர் விளக்கினார். "இப்பவாச்சும் தெரிஞ்சுதேங்க. நிறைய பேர் டயாலிசிஸுக்கு வர்றப்பதான் தெரிஞ்சிக்கறாங்க. யார் உங்கள டெஸ்ட் எடுக்கச் சொன்னது?"

அண்ணன் என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "சும்மாதான்" என்றார்.

அதன் பிறகு நான் ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்தேன். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்ட காகிதங்களுக்காக என் கணவர் மாடிக்கும் கீழுக்கும் நடந்தே இளைத்தார். அண்ணி கேப்பைக் கூழ் கொண்டுவந்து, ஒரு டம்ளர் எனக்கும் ஒரு டம்ளர் டாக்டர் நிவேதாவுக்கும் ஊற்றினார். அந்தப் பெண் நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடினார். கிரியாட்டினின் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டிஸ்சார்ஜ் அன்று என் கணவர் பாக்கெட்டிலிருந்து, அன்றைக்கு அண்ணன் வாங்கி வந்த தாளை எடுத்து, அண்ணன் பார்க்காதபோது கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அண்ணன் மாத்திரையை விட்டுவிட்டார். உப்பைக் குறைத்தார், பிரஷருக்கு மருந்து எடுக்கிறார், முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உலகத்தைத் திட்டுகிறார். மாதம் தவறாமல் ரத்தம் பார்க்க விழுப்புரம் வருவார். வரும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். "நீயும் குடு மேரி. உன்னுது நமக்குத் தெரிஞ்ச எடை. அது சரியாக் காட்டுனா என்னுதையும் நம்பலாம்." எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது, இனி எதற்கு என்றால் கேட்க மாட்டார். இப்போது நான்தான் காலி டிராக்டர். என் தாளை முதலில் பிரித்துப் பார்ப்பார். அதே பழைய எண் இருந்தால் தலையாட்டுவார். அதற்குப் பிறகும் தன் தாளை உடனே பிரிக்க மாட்டார். கையில் வைத்துக்கொண்டு ஒரு டீ குடிப்பார். அந்த டீ முடியும்வரை நானும் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே நிற்பேன்.

போன தடவை டீயை முடித்துவிட்டுத் தாளைப் பிரித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றரைக்கு இறங்கியிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு லேபின் கண்ணாடிக் கதவையே முறைத்தார். வாழ்நாளெல்லாம் கரும்பு போட்டவர். ஒரு தராசு எடையைக் குறைத்துக் காட்டினால் அவரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

"கம்மியாக் காட்டறான் மேரி. வா, திண்டிவனத்துல ஒண்ணு போட்டுப் பாத்துட்டு வந்துடலாம்."

எனக்கு அன்றைக்கு லீவு. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, நன்றாகக் குடித்துக்கொண்டே அவரோடு பஸ் ஏறினேன்.